டாக்டர் ராகினின் அலுப்பு

செகாவின் 'ஆறாம் வார்டு' கதையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தத்துவக் கதையாகவே பார்க்கிறார்கள். துன்பம் வெறும் எண்ணந்தான் என்று பேசிக் கொண்டிருந்த டாக்டர், கடைசியில் தன் ஆஸ்பத்திரியின் பைத்தியக்கார வார்டிலேயே அடைபட்டு, காவல்காரனிடம் அடிபட்டுச் சாகிறார். ஆகவே, தீமையை எதிர்க்காதே என்ற டால்ஸ்டாயின் போதனைக்கு இது பதில் என்பார்கள். இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது கதையில் வருகிற கணக்குத்தான்.

ராகின் அந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில் சோம்பேறி இல்லை. காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை நோயாளிகளைப் பார்க்கிறார், ஆபரேஷன் செய்கிறார், பிரசவம்கூடப் பார்க்கிறார். கெட்டிக்காரர் என்று பெயரும் வாங்குகிறார். பிறகு கணக்கு ஆரம்பமாகிறது. இன்று 30 பேர், நாளை 35, மறுநாள் 40. வருஷத்துக்கு 12,000. ஒரு காலைப் பொழுதில் 40 பேரைச் சரியாகப் பார்க்க எந்த டாக்டராலும் ஆகாது. அப்படியானால் 12,000 பேருக்கு வைத்தியம் செய்ததாகச் சொல்வது 12,000 பேரை ஏமாற்றியதுதானே? ஊரில் சாவும் குறையவில்லை. இந்தக் கேள்வி அவரைத் தின்ற பிறகே ஆஸ்பத்திரிக்குப் போவது குறைகிறது. புஸ்தகமும் வோட்காவும் வருகின்றன. எப்படியும் சாகப் போகிறவர்களை எதற்குக் காப்பாற்றுவது என்ற வேதாந்தம் வருகிறது. மார்க்கஸ் அரேலியஸை அவர் வக்கீலாக அமர்த்திக் கொள்கிறார், அவ்வளவுதான்.

ராகினிடம் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு வாய் திறந்து கேட்கத் தெரியாது. சமையற்காரியிடம் டீ வேண்டுமென்றால்கூடத் தயங்கித் தயங்கிக் கனைக்கிறார். பொய்க் கணக்கு என்று தெரிந்தே, முகம் சிவக்கச் சிவக்கக் கையெழுத்துப் போடுகிறார். உதவிக்கு இன்னொரு டாக்டர் வருவதும் இவர் கேட்டதால் அல்ல. வந்தவரோ இவர் நாற்காலியில் கண் வைக்கிறார். (இந்த ஹோபடவ் அட்டை பொம்மைதான். செகாவ் இவ்வளவு சுலபமாக வில்லனைப் படைத்திருக்க வேண்டாம்.)

கதையின் சிகரம் வார்டு அல்ல, யாத்திரை. ஓய்வு எடுத்துக் கொண்டால் சரியாகிவிடும் என்று சிநேகிதரான போஸ்ட் மாஸ்டர் அவரை மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், வார்ஸா என்று அழைத்துப் போகிறார். சிநேகிதர் ஓயாமல் பேசுகிறார். ராகின் ஹோட்டல் அறையில், சோபாவின் முதுகைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடக்கிறார். 'லீவு போட்டு எங்கேயாவது போய்விட்டு வாருங்களேன்' என்று ஆபீஸ் நண்பர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். திரும்பி வந்தால் உத்தியோகம் போய்விட்டது. 20 வருஷத்துக்கு மேல் உழைத்தவருக்குப் பென்ஷனும் இல்லை.

உத்தியோகத்தில் எரிந்து தீர்ந்து போகும் இந்த நிலையைப் பற்றி அமெரிக்க மனோதத்துவ நிபுணர் பிராய்டன்பெர்கர் கட்டுரை எழுதியது 1974-இல். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அதற்கு மூன்று அடையாளங்கள் கொடுத்தது: களைப்பு, வேலையின் மேல் கசப்பு, செய்வதில் பலனில்லை என்ற எண்ணம். மூன்றும் ராகினிடம் இருக்கின்றன, அதே வரிசையில்.

செகாவும் டாக்டர். 1892-இல் காலரா பயம் வந்தபோது 25 கிராமங்கள், 4 ஆலைகள், ஒரு மடம் அவர் பொறுப்பில் இருந்தன, சம்பளம் கிடையாது. கடிதங்களில் தாராளமாக அலுத்துக் கொள்கிறார். ஆனால் பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, நோயாளிகளுக்குக் கொட்டகை போடப் பிச்சை கேட்கிறார், வாங்கியும் விடுகிறார். அந்த வருஷம் நவம்பரில்தான் 'ஆறாம் வார்டு' பத்திரிகையில் வந்தது.