குழம்பு மாறினால் போதுமா?

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் ஒரு பக்கம் மீனவர் குப்பம். இன்னொரு பக்கம் அணுமின் நிலையத்திலும் ஆய்வு மையத்திலும் வேலை பார்க்கப் பல மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள். அடுப்பங்கரைக் கேள்வி மட்டும் இரு பக்கமும் ஒன்றுதான்: "இன்னைக்கு என்ன குழம்பு வைக்கிறது?" திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு என்று சுற்றிச் சுற்றி வரும் வீட்டுக்கு உடனே சொல்லப்படும் மருந்து, புதுச் செய்முறை. அந்த மருந்து எவ்வளவு தூரம் கேட்கிறது?

ஓரளவு நன்றாகவே கேட்கிறது. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தபோது, சமையல் என்பது பெரும்பாலும் அம்மா, மாமியார் பக்கத்தில் நின்று கற்பதாகவே இருந்தது. 'கைப்பக்குவம்' என்று சொல்லித் தப்பிக்காமல், அளவு சொல்லி, வரிசை சொல்லி எழுதினார் அவர். தனிக்குடித்தனம் போன பெண்கள் அதை நம்பி அடுப்பு மூட்டினார்கள். ஆனால் அது முழுக்கச் சைவம். ஒரு சமூகத்தின் சமையலறையிலிருந்து வந்த புத்தகம். குப்பத்துச் சட்டிக்கு அதில் இடமில்லை.

கைப்பேசிக் காணொளிகள் அந்த வேலியைப் பிரித்துப் போட்டன. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. பார்க்கப் பரவசம்தான். அண்டாவில் கொதிப்பதைப் பார்த்து, நாலு பேருக்கு எத்தனை மிளகாய் என்று கணக்குப் போடுவதுதான் சிரமம். பார்த்தே பசியாறிவிட்டு இரவு வழக்கம்போல் தோசை வார்ப்பவர்களும் உண்டு.

பெரிய குறை வேறொன்று. பெண்களின் உணவு வகைமையை அளக்க ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 10 உணவுத் தொகுதிகளைக் கணக்கில் எடுக்கிறது. ஒரு நாளில் குறைந்தது 5 தொகுதிகளாவது வயிற்றுக்குள் போக வேண்டும். இந்தக் கணக்கில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் நாலுக்கும் பெயர்தான் வேறு, மாவு ஒன்றே. சோயா சாஸ் ஊற்றிய நூடுல்ஸ் நாக்குக்குப் புதுசு, உடம்புக்கு அதே தானியம். மிஞ்சிய சாஸ் பாட்டில் பிரிட்ஜ் கதவில் மாதக்கணக்கில் நிற்கும்.

ருசி மாற்றத்துக்கு மட்டும் என்றால், கடற்கரை ஊருக்குப் புதுச் செய்முறையைவிட எளிய வழி இருக்கிறது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய் வரும். வஞ்சிரம் விட்டால் வேறு மீன் தெரியாத வீடு அப்போது திண்டாடும். நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், மத்தி என்று கூடையில் வந்ததை வாங்கத் தெரிந்த வீட்டில் அதே புளிக்கரைசலும் அதே மிளகாய்த்தூளும் தினம் ஒரு ருசி தரும். சுறா கிடைத்தால் புட்டு. முள்ளுக்குப் பயந்து பொடி மீனை ஒதுக்குகிறவர்களுக்கு, அதை ஆயக் கற்றுத் தரும் காணொளி பத்துப் புதுக் குழம்புக்குச் சமம்.

இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம் உழைப்பு. சலிப்பு சாப்பிடுகிறவருக்கு, கூடுதல் வேலை சமைக்கிறவருக்கு. 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை பார்க்கும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலை பார்க்கும் ஆண்கள் 97 நிமிடம். இந்த நிலையில் "புதுசா ஏதாவது பண்ணேன்" என்பது சாதாரண ஆசை இல்லை.

செய்முறையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதைவிட, கூடையில் இருப்பதை வாங்கிவிட்டுச் செய்முறை தேடுவது மேல். புதுசாகச் சாப்பிட ஆசைப்படும் ஆண்கள் அன்றைக்கு மீனையாவது ஆய்ந்து கொடுங்கள்.