மடித்தலிலிருந்து வருகையும் புறப்பாடும்: 'பிளிக்காரே' வினையின் சொற்பிறப்பு விளக்கம் குறித்த மதிப்பீடு

'மடி' எனப் பொருள்படும் 'பிளிக்காரே' என்னும் இலத்தீன் வினையின் வழித்தோன்றல்கள் உரோமானிய மொழிகளில் முரண்பட்ட பொருள்களைப் பெற்றுள்ளன. இத்தாலிய 'பியெகாரே', பிரெஞ்சு 'பிளியே' ஆகியன மடித்தலையே குறிக்கின்றன. ஸ்பானிய 'லியெகார்', போர்த்துகீசிய 'ஷெகார்' ஆகியன வந்துசேர்தலையும், ருமேனிய 'பிளெகா' புறப்படுதலையும் உணர்த்துகின்றன.

இம்முரணுக்கு ஒரு விளக்கம் பாடநூல்களில் பரவலாக இடம்பெறுகிறது: கரையடைந்த மாலுமி பாயை மடித்தான், ஆகவே மேற்கில் மடித்தல் வருகையாயிற்று. பாசறை நீங்கிய வீரன் கூடாரத்தை மடித்தான். ஆகவே கிழக்கில் அது புறப்பாடாயிற்று. இவ்விளக்கத்தின் சமச்சீரே அதன் கவர்ச்சி. அதன் குறையும் அதுவே. இரு பாதிகளுக்கும் ஒரே வலிமையுடைய சான்று இல்லை.

முதற்பாதியில் பாய்மடிப்பு தேவையே இல்லை. 'அத்' என்னும் முன்னொட்டுப் பெற்ற 'அப்ப்ளிக்காரே', கலத்தைக் கரையோடு அணைத்தல் என்னும் பொருளில் செவ்வியல் இலத்தீனிலேயே வழங்கியது. அங்குச் செயப்படுபொருள் கலமேயன்றிப் பாயன்று. அணுகற்பொருளைத் தருவது முன்னொட்டு. ஸ்பானிய 'அலியெகார்', போர்த்துகீசிய 'அஷெகார்' ஆகியவற்றில் 'அருகே கொணர்தல்' என்னும் பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. மேலும், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனிதத்தலங்களுக்குச் சென்ற எகேரியாவின் பயணநூல், 1884இல் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதில் முன்னொட்டற்ற 'பிளிக்காரே' நிலவழிப் பயணத்திலும் அணுகுதலைக் குறிக்கிறது. எனவே இச்சொல் அக்காலத்திலேயே கடல்சார் எல்லையைக் கடந்துவிட்டது.

இரண்டாம் பாதியோ, தொக்குநிற்கும் 'கூடாரம்' என்னும் செயப்படுபொருளை ஊகித்தே நிற்கிறது. ருமேனிய 'பிளெகா' இன்றும் வளைதல், தலைதாழ்த்தல் என்னும் பொருள்களையும் கொண்டுள்ளமை கருதத்தக்கது. வளைதலிலிருந்து ஒரு திசைநோக்கிச் சாய்தலும், அதிலிருந்து செல்லுதலும் தோன்றியிருக்கக் கூடும். இதுவும் ஊகமே, ஆயினும் மொழிக்குள்ளேயே வழங்கும் பொருளை அடிப்படையாகக் கொண்டது.

ஒலிமாற்றங்கள் ஐயத்திற்கு இடமற்றவை. சொன்முதல் 'ப்ல்' ஸ்பானியத்தில் 'லிய்' என்றும் போர்த்துகீசியத்தில் 'ஷ' என்றும் திரிதலை, 'அழு' எனப் பொருள்படும் 'புளோராரே' வினையின் 'லியோரார்', 'ஷொரார்' வடிவங்களும் உறுதிசெய்கின்றன. ஆனால் ஒலிவிதி தரும் உறுதியைப் பொருள்மாற்றக் கதைக்கு இரவல் தருதல் முறையன்று. வடிவத்தின் பிறப்பு நிறுவப்பட்டதனாலேயே பொருளின் பாதையும் நிறுவப்பட்டதாகாது. பொருளுக்கு உரிய சான்று பனுவல்வழக்கிலேயே தேடப்பட வேண்டும்.