நிறுவல் நூலும் நெகிழ்வட்டும்

செய்யுளையும் கதையையும் நாடகத்தையுமே திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் தமிழறிஞரிடையே வேரூன்றியுள்ளது. ஒரு செயலைச் செய்விக்கும் பொருட்டே எழுந்த நூலை எடுத்து நிறுத்துப் பார்ப்பார் அரியர். ஆயினும் அத்தகைய நூல்கள் தமிழுக்குப் புதியன அல்ல. மட்டக்களப்புப் பகுதி அம்மன் கோயில்களிலே கப்புகனார் கைக்கொள்ளும் பத்ததிகள், சடங்கு நிகழவேண்டிய முறையை வரிசைப்படக் கூறுவன. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய ஈழத்து வாகடங்கள், நோயின் குறிகுணங்களைக் கூறி மருந்தை விதிப்பன. பத்ததி செவ்வே நடப்பதற்கு உரியது. வாகடம் செவ்வே நடவாதபோது வேண்டப்படுவது. கணினியில் இயக்குதளம் ஒன்றை நிறுவக் கற்பிக்கும் கைந்நூலோ இவ்விரு தன்மையும் ஒருங்கே பெற்றிருத்தல் வேண்டும். லினக்ஸ் என்னும் இயக்குதளத்தை நெகிழ்வட்டுக்களின் துணைகொண்டு நிறுவுவதற்கு எழுந்த கைந்நூல்களை இவ்வளவுகோலால் அளந்து நோக்குதல் பயனுடைத்து.

பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் தோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயக்குதளம் ஆக்கி வருவதை 1991ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் உலகுக்கு அறிவித்தார். 1993இல் ஸ்லாக்வெயர், டெபியன் என்னும் இரு தொகுப்புக்களும் தோன்றின. மற் வெல்ஷ் முதலிய தொண்டர்கள் கூலி கருதாது நிறுவல் வழிகாட்டிகளை எழுதினர். இறுவட்டுச் செலுத்திகள் எங்கும் பரவாத அக்காலத்தில், மூன்றரை அங்குல நெகிழ்வட்டே வாயிலாக அமைந்தது. அதன் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு 80 தடங்கள். தடத்துக்கு 18 துண்டங்கள். துண்டத்துக்கு 512 பைற்றுக்கள். ஆக 14,74,560 பைற்றுக்கள். இச் சிற்றிடத்துள் ஓர் இயக்குதளத்தின் உயிர்நாடியை அடக்கினர் என்பதே வியப்புக்குரியது. தொடக்க வட்டிலிருந்து கருனி நினைவகத்துள் ஏறும். பின்னர் வேர்வட்டை இடுமாறு திரை கேட்கும். அதன்பின்னரே நிறுவல் தொடங்கும்.

முதலிற் பத்ததிப் பகுதியை நோக்குவோம். டொஸ் இயங்கும் கணினியில் றோறைற் என்னும் செய்நிரலால் வட்டுப்படிமத்தை நெகிழ்வட்டில் எழுதுக என்று கைந்நூல்கள் விதிக்கின்றன. விதி சரியே. ஆயின், படிமக் கோப்பை வாளா படியெடுத்து வட்டில் இட்டால் என்ன என்னும் ஐயம் தொடக்கநிலை மாணவனுக்கு எழுதல் இயல்பு. அதற்கு விடை பல நூல்களில் இல்லை. கணினி மின்னூட்டப்பெற்றதும் வட்டின் முதற் துண்டத்தையே படிக்கும். கோப்பாக இடப்பட்ட படிமம் அவ்விடத்தில் இராது. ஆதலின் வட்டு தொடங்காது. படிமத்தின் முதற் பைற்று வட்டின் முதற் பைற்றாக விழவேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதியிருப்பின் போதும். நன்னூலார் எடுத்துக்கூறும் குற்றங்களுள் குன்றக் கூறல் முதலில் நிற்பது காரணமின்றியன்று. விதியை மாத்திரம் தந்து காரணத்தை மறைக்கும் நூல், கற்பவனை ஏவலாளனாக்குமேயன்றி அறிவுடையவனாக்காது.

இதனினும் பாரதூரமானது வன்தட்டைப் பாகம் பிரிக்கும் படி. குடும்பத்துக்கு ஒரேயொரு கணினி. அதனுள் பிள்ளையின் பாடக்குறிப்புக்களும் தந்தையின் கணக்குகளும் இருக்கும். ஒரு விசைத் தவறு அனைத்தையும் அழித்துவிடும். எவ்வாறு எழுதினும் இவ்விடத்தில் அச்சம் தோன்றவே செய்யும். கைந்நூலாசிரியர் இங்கே செய்யும் பிழை, எச்சரிக்கையைக் கட்டளைக்குப் பின்னே வைத்தலாகும். ஒவ்வொரு வரியாகப் படித்து உடனே செய்துகொண்டு போகின்றவன், எச்சரிக்கையை எட்டுமுன் கட்டளையை நிறைவேற்றிவிடுகின்றான். மேலும், எஃப்டிஸ்க் என்னும் பிரிப்புக் கருவியில் செய்யும் மாற்றம் எதுவும், எழுதுக எனப் பொருள்படும் டபிள்யூ விசையை அழுத்தும்வரை தட்டில் ஏறுவதில்லை. கியூ விசையை அழுத்தி ஒன்றும் நேராததுபோல் வெளியேறலாம். இச்செய்தியை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கொட்டை எழுத்திற் பொறித்திருப்பின், எத்துணையோ பேரின் கைந்நடுக்கம் தீர்ந்திருக்கும்.

வாகடப் பகுதியிற் புகழத்தக்கது லிலோ என்னும் தொடக்கியின் ஆவணம். வேர்ணர் அல்மெஸ்பெர்கர் ஆக்கிய இத்தொடக்கி, தன் பெயரின் நான்கு எழுத்துக்களையும் ஒவ்வொரு கட்டம் நிறைவேறும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் இடும். நான்கும் தோன்றின் நலம். எல் என்னும் முதலெழுத்தோடு நின்று பிழையெண் தோன்றின், முதற்கட்டம் ஏறியது, இரண்டாங் கட்டத்தைப் படிக்க இயலவில்லை என்பது பொருள். பெரும்பாலும் வட்டின் பழுது. எல், ஐ என இரண்டெழுத்தோடு நின்றால், இரண்டாங் கட்டம் ஏறியும் இயங்கவில்லை. தட்டின் கணக்குப் பொருந்தாமையோ, தொடக்கக் கோப்பை இடம் மாற்றிவிட்டு லிலோவை மீள இயக்காமையோ காரணம். குறி, காரணம், தீர்வு என்னும் மூன்றும் பிசகின்றி அமைந்துள்ளன. நாடி பிடித்துப் பார்க்கும் பரிகாரிக்கு நாடி எத்தகையதோ, அத்தகையன இவ்வெழுத்துக்கள். ஒரு துண்டத்துள் அடங்கவேண்டிய செய்நிரலில் நீண்ட வாக்கியத்துக்கு இடமில்லை. அந்நெருக்கடியே இச்சுருக்கத்தைப் பெற்றெடுத்தது. சூத்திரத்தின் இலக்கணம் இதுவேயன்றோ!

இந்நூல்களைத் தமிழாக்கப் புகுவோர்க்கு இடறுகல் கலைச்சொல்லே. தட்டிலுள்ள உருளை, தலை, துண்டம் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை அகராதி பார்த்துக் கேத்திரகணிதம் என்று பெயர்ப்பின் மாணவன் முக்கோணத்தைத் தேடுவான். தட்டுக்கணக்கு என்றாற் பொருள் விளங்கும். கருனி செயலற்று நிற்பதைக் கருப்பீதி என்று மொழிபெயர்த்தல் நகைப்புக்கு இடனாகும். காரைதீவிற் பிறந்து இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கு பெற்ற சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையிற் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். சொல்லறிவும் பொருளறிவும் ஒருவரிடத்தே கூடவேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூலும் ஒருவகையில், மறைந்த கருவியொன்றை மீண்டும் ஆக்கிக்கொள்ள வழிசெய்யும் நூலே. ஈழத்தவர் கணனி என்றும் தமிழகத்தவர் கணினி என்றும் எழுதிப் பூசலிடுதல் சிறு பிணக்கு. ஒரே கைந்நூலுக்குள் ஓரிடத்தில் பகிர்வு என்றும் மற்றோரிடத்தில் பிரிவினை என்றும் எழுதுதலே மயங்க வைத்தலாகிய பெருங்குற்றம்.

பிழைச் செய்திகளை முற்றாகத் தமிழாக்க வேண்டும் என்பார் உளர். அது ஆய்ந்து கொள்ளத்தக்கது. திரையில் தோன்றும் செய்தியே நோயின் குறி. அக்குறியைக் கொண்டே உலகெங்கும் தீர்வு தேடப்படுகின்றது. மூலச்செய்தி மறைந்துவிட்டால், தமிழறிந்த மாணவன் தன் நோய்க்கு மருந்திருந்தும் காணமாட்டான். மூலத்தை அவ்வாறே நிறுத்தி, அதன் கீழ்த் தமிழ் விளக்கம் தருதலே தக்கது. நெகிழ்வட்டு நாளில் அதற்கும் வழியில்லை. எழுத்து மாத்திரம் காட்டும் திரையில் தமிழின் உயிர்மெய்களை அமைத்தல் அரிது. 2002இல் வெளிவந்த டெபியன் 3.0 பதிப்போடு பழைய நெகிழ்வட்டு நிறுவி ஓய்ந்தது. பிறகு பட இடைமுகத்தோடு வந்த புதிய நிறுவியிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது.

இவை வெறும் சொல்லாராய்ச்சியெனத் தள்ளத்தக்கன அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரையூர்களை அழித்தபின், காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்வதற்கு இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சகானா என்னும் மென்பொருள் கட்டற்ற மென்பொருளாகவே எழுந்தது. அத்தகைய கருவியைத் தன் ஊரில் தானே நிறுவித் தானே செப்பஞ்செய்யக் கூடியவர் வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனை பேர் என்னும் வினா, கைந்நூல் எம்மொழியில் எவ்வாறு எழுதப்பட்டது என்னும் வினாவோடு பிணைந்துள்ளது.

இறுதியாக ஒரு குறை. குளிர்நாட்டார் எழுதிய இந்நூல்களில் உவர்க்காற்றுக்கும் ஈரத்துக்கும் இடமில்லை. வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களில் வாவிக்கரை வீடுகளில் நெகிழ்வட்டின் காந்தப்படலத்திற் பூஞ்சணம் பிடிக்கும். உலோக மூடி துருவேறும். கருனி விரியும்போது சரிபார்ப்புத் தொகை பிழையென்று திரை கூறி நின்றுவிடும். வேறு வட்டு எடுக்க என்று நூல் ஒரு வரியில் முடித்துவிடுகின்றது. புதிய வட்டும் அவ்வாறே நின்றால்? பூஞ்சணம் படிந்த வட்டை ஒருமுறை இட்டாற் செலுத்தியின் தலையும் அழுக்கேறும். அடுத்து இடும் நல்ல வட்டையும் அது படிக்காது. ஒரு செலுத்தியில் எழுதியதை, தலை சற்றே விலகிய வேறொரு செலுத்தி படிக்க மறுத்தலும் உண்டு. ஆதலின் முதலில் தலையைத் துடைத்தல், பின் அதே கணினியில் வட்டை மீள எழுதுதல், எழுதியதைப் படிமத்தோடு ஒப்புநோக்குதல், அதன்பின்னரே வட்டைப் பழித்தல் என்று வரிசை வகுத்திருக்க வேண்டும். எழுவான்கரையில் இருந்து எவரேனும் இந்நூலை எழுதியிருப்பின், அவ்வதிகாரமே முதலதிகாரமாக அமைந்திருக்கும்.