ஐலாவ் ஓவியமும் களங்காட்டும் முறையும்

பிரெஞ்சு ஓவியர் குரோ 1808-இல் தீட்டிய 'ஐலாவ் போர்க்களத்தில் நெப்போலியன்' என்னும் ஓவியம், பரணி பயின்றார்க்கு ஒரு வினாவை எழுப்பும். புகழ்பாட எழுந்த படைப்பு பிணங்களை எவ்வாறு காட்டுதல் கூடும் என்பதே அது.

1807 பிப்ரவரி 7, 8 ஆகிய நாட்களில் கிழக்குப் பிரஷ்யாவின் பனிவெளியில் பிரெஞ்சுப் படை, உருசியப் படையோடு பொருதது. இரு திறத்தும் பல்லாயிரவர் வீழ்ந்தனர். வெற்றியோ எவர்க்கும் தெளிவாக வாய்க்கவில்லை. பின்னர் அரசு ஓர் ஓவியப் போட்டியை அறிவித்தது. வரையவேண்டுவது போரன்று, மறுநாள் களத்தைச் சுற்றிவந்து காயமுற்றோர்க்கு இரங்கும் பேரரசனையே வரைதல் வேண்டும். அப்போட்டியில் வென்றவர் குரோ.

வெளிறிய முகமும் நீட்டிய கையுமாகப் பேரரசன் குதிரைமேல் நடுவே வீற்றிருக்கின்றான். அருகே மூரா என்னும் தளபதி, களத்திற்குச் சிறிதும் ஒவ்வாத பகட்டுடையில் தோன்றுகின்றான். எனினும், 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த அவ்வோவியத்தின் முன் நிற்பார் கண்ணை முதலில் பற்றுவன அடிப்பகுதியிற் குவிந்த பிணங்களே. அவை இயல்பினும் பெரியனவாக, பனி மூடி, நம் காலடியில் கிடப்பனபோல் உள்ளன. துப்பாக்கி முனை ஈட்டியொன்றில் குருதி உறைந்து நிற்கின்றது.

கலிங்கத்துப்பரணியிலும் பிணக்குவியல் உண்டு. ஆயின் அங்குக் களத்தைக் காண்பார் காளியும் பேய்களுமாவர். பேய்கள் கூழட்டு உண்டு, களித்துச் சோழனை வாழ்த்துகின்றன. அச்சம் நகையாக மாறிவிடுகின்றது. குலோத்துங்கனோ அக்களத்தில் அடிவைத்தானல்லன். படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். வேந்தன் புகழுக்கும் பிணத்துக்கும் இடையே இத்துணைத் தொலைவைச் சயங்கொண்டார் வைத்தார். குரோவின் ஓவியத்தில் அத்தொலைவு இல்லை. பேயும் இல்லை; உண்பாரின்றிப் பிணங்கள் கிடந்தபடியே கிடக்கின்றன. அவற்றின் நடுவே வேந்தனை நிறுத்தியமையால், அவன் இரக்கம் புலப்படுமுன்னரே அவ்விரக்கத்திற்கு ஏதுவான போரை நடத்தியவன் யார் என்னும் எண்ணம் எழுந்துவிடுகின்றது.

இதுகொண்டு இதனைப் போர்மறுப்பு ஓவியம் எனத் துணிதல் மிகை. குரோ நெப்போலியனின் புகழை வளர்த்த ஓவியரே. 1808-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவன்பால் விருதும் பெற்றார். அவர் ஆணையை மீறவில்லை. இரக்கத்தைக் காட்டுக என்றனர்; இரங்கத்தக்கதை அவர் முழு அளவிற் காட்டினார். ஆணையிட்டோர் இவ்விளைவை முன்னரே எண்ணியிருப்பரோ என்பது ஐயத்திற்குரியது.