வேஷமும் வாசலும்

பாரதக் கதையில் மயன் கட்டிக் கொடுத்த மண்டபத்தை எல்லோரும் அறிவோம். துரியோதனன் அதற்குள் வந்து, பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்டான். பிறகு தண்ணீரைத் தரை என்று எண்ணி அதில் விழுந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு மகாயுத்தம் வளர்ந்தது. கதை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே இடத்தில் இன்னொரு சிறு நிகழ்ச்சியும் உண்டு. மூடிக்கிடந்த பளிங்குக் கதவைத் திறந்த வாசல் என்று நினைத்து அவன் நெற்றியை இடித்துக்கொள்கிறான். நீரில் விழுந்தவன் துணி மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்; அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். வாசல் எது, சுவர் எது என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. மயன் பெரிய கலைஞன்தான். ஆனால் வாசலுக்கும் வேஷம் போட்டுவிட்டான்.

மயனுடைய தொழில் அழிந்துபோய்விடவில்லை. கேளிக்கைப் பூங்கா கட்டுகிறவர்கள் இன்று அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ராட்டினமும் சறுக்கு மரமும் வைத்துக் காசு வாங்கின நிலைமையைத் தாண்டி, நுழைகிற மனிதனை ஒரு கதைக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துவது இப்போது பெரிய தொழில், பெரிய கலையும்கூட. கடற்கொள்ளைக்காரர் துறைமுகம், பேய் மாளிகை, வேற்றுக் கிரகத்துச் சந்தை என்று ஊர் ஊராகச் சிருஷ்டித்துக் கொடுக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ‘பேய் மாளிகைக்குள்ளே வெளியேறும் வழி என்று விளக்குப் பலகை எரிந்தால் அப்புறம் பேய் எங்கே இருக்கும்?’ என்று ரசிகர் கட்சி கேட்கிறது. ‘உயிர் இருந்தால்தானே ஐயா, பேய்க்குப் பயப்பட முடியும்?’ என்று பொறியாளர் கட்சி திருப்பிக் கேட்கிறது. இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: கதை கூடினால் காவல் குறையும், காவல் கூடினால் கதை குறையும் என்பதில். அந்த ஒன்றைத்தான் நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

இந்தக் கலையின் மூலநூல் என்று சொல்லத்தக்கது கலிபோர்னியாவில் அனாஹைம் என்ற ஊரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து. அதைக் கற்பனை செய்தவர்களில் பலர் சினிமாக்காரர்கள். செட்டுப் போட்டுப் பழகியவர்கள். சினிமா செட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. காமிரா எங்கே நிற்கும் என்று முன்பே தெரியும். காமிராவுக்குத் தாகம் எடுக்காது, கால் வலிக்காது, குழந்தை அழாது. பூங்காவில் காமிராவின் இடத்தில் நிற்பது கையில் குழந்தையும் வயிற்றில் பசியுமாக வந்த மனிதன். இந்த வித்தியாசம் திறப்பு நாளன்றே தெரிந்துவிட்டது. கொளுத்துகிற வெயிலில், அவசரமாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் உயர்ந்த செருப்புகள் அதில் புதைந்தன. குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால், குடிதண்ணீர்க் குழாய்களை முடிப்பதா, கழிப்பறைகளை முடிப்பதா என்ற தர்மசங்கடம் வந்தது. வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். குளிர்பானம் விற்பதற்காகத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று ஜனங்கள் குறை சொன்னார்கள். கோட்டையும் கொத்தளமும் தயாராக இருந்தும், தண்ணீர் இல்லாத ஊர் தண்ணீர் இல்லாத ஊராகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மனிதர்கள் பாடம் கற்றுக்கொள்ளத் தெரிந்தவர்கள். அங்கே நுழைந்ததும் வருகிற கடைவீதியைப் பாருங்கள். கட்டிடங்களின் கீழ்த்தளம் ஏறக்குறைய இயல்பான அளவில் இருக்கும். மேலே போகப் போக அளவு சிறுத்துவிடும். அதனால் கட்டிடம் உயரமாகத் தெரிகிறது. கோடியில் நிற்கிற கோட்டை 77 அடிதான். மலைபோலத் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த அம்சம் தந்திரமல்ல, தந்திரத்தை நிறுத்திய இடம். மனிதன் நுழைகிற கதவில், கைவைக்கிற பிடியில், கால்வைக்கிற படியில் ஏமாற்று வேலை இல்லை. கண் மட்டும் எட்டுகிற உயரத்தில்தான் பொய் ஆரம்பமாகிறது. அங்குள்ள ஆற்றில் ஒரு நீராவிப் படகு போகிறது. அது சுதந்திரமாக மிதப்பதாகவே தோன்றும். உண்மையில் தண்ணீருக்கு அடியிலுள்ள தண்டவாளம் அதை நடத்திச் செல்கிறது. சிறு பிள்ளைகள் நிறைந்த படகைக் குறுகலான ஆற்றில் ஒரு மாலுமியின் கைத்திறமையை மட்டும் நம்பி விடக்கூடாது என்ற நிதானம் அதில் இருக்கிறது. இந்தத் தண்டவாளத்தால் படகின் அழகு ஒரு துளியும் குறையவில்லை.

எதிர்கால நகரத்தின் நடுவே கெளபாய் உடையில் ஓர் ஊழியர் வேலைக்குப் போவதைப் பார்த்து டிஸ்னி மனம் சலித்ததாகச் சொல்வார்கள். அதன் பலனை 1971-இல் பிளாரிடாவில் திறந்த பூங்காவில் காணலாம். அங்கே ஊழியர் நடமாட்டம், சரக்கு, குப்பை எல்லாம் ஒரு சுரங்க அமைப்பு வழியே போகின்றன. நிலத்தடி நீர் மிக உயரத்தில் இருந்ததால் அதைத் தோண்ட முடியவில்லை. தரைமட்டத்திலேயே கட்டிவிட்டு, அதன் மேலே பூங்காவை அமைத்தார்கள். தரை என்று நினைத்து ஜனங்கள் நடப்பது உண்மையில் மாடி. கதையைக் காப்பாற்ற எடுத்த முயற்சி, கூட்டத்தின் நடுவே வண்டிகள் புகுந்து போகிற ஆபத்தையும் சேர்த்துத் தீர்த்துவிட்டது.

இந்த வகையில் உச்சமான படைப்பு என்று நான் கருதுவது டிஸ்னிலாந்தில் 1969-இல் திறந்த பேய் மாளிகை. முதலில் எண்கோணமான ஓர் அறைக்குள் கூட்டத்தை விட்டுக் கதவை மூடுகிறார்கள். சுவரிலுள்ள சித்திரங்கள் நீண்டுகொண்டே போகின்றன. இந்த அறைக்கு ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை, வெளியேறுவது உங்கள் பாடு என்று ஒரு பேய்க்குரல் கேலி செய்கிறது. அந்த அறை உண்மையில் ஒரு லிப்ட். பூங்காவைச் சுற்றி ஒரு மண்மேடு உண்டு. அதன்மேல் ரயில் ஓடுகிறது. மாளிகையின் பெரும்பகுதி அந்த மேட்டுக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே ஜனங்களைக் கீழே இறக்கி, ரயில் பாதைக்கு அடியில் நடத்தி, அந்தப் பக்கம் கொண்டுசேர்க்க வேண்டும். சாதாரண மூளைக்கு இது ஒரு தலைவலி. கலைஞன் கையில் அதுவே கதையின் முதல் அத்தியாயமாகிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கதவு இல்லை என்று பேய் சொல்லலாம், கதவு இருக்கிறது. ஊழியர் ஒருவர் கூடவே நிற்கிறார். உள்ளே போனால், இருட்டில் கூட்டத்தைத் தடவித் திரிய விடுவதில்லை. நிற்காமல் நகருகிற சங்கிலி வண்டிகளில் உட்காரவைத்துக் கொண்டுபோகிறார்கள். நடந்து பார்க்கிற மாளிகையாகத்தான் ஆதியில் திட்டமிட்டார்கள். கூட்டத்தை எண்ணி மாற்றினார்கள். அந்த மாற்றம் கதைக்கும் நன்மை செய்தது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் ரசிகன் பார்க்க முடியும். நாவலாசிரியன் வாசகனின் கண்ணைத் திருப்புவதுபோல. வண்டி எப்போதாவது நின்றுபோனால், பேய்கள் விளையாடுகின்றன, எழுந்திருக்க வேண்டாம் என்ற பொருளில் கதைக்குள்ளிருந்தே ஒரு குரல் எச்சரிக்கிறது. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை இது. ஒரு கால் கதைக்குள்ளே, ஒரு கால் ஜனங்களின் பக்கம்.

இனி மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஜாக்ஸன் என்ற ஊரில், சிக்ஸ் பிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் ஒரு பேய்க் கோட்டை இருந்தது. வெளியே பார்த்தால் கோட்டை. உள்ளே, லாரிகளில் இழுத்துச் செல்கிற நீளமான டிரெய்லர் பெட்டிகள் 17-ஐ ஒன்றோடொன்று சேர்த்து அமைத்த நடைவழி. சக்கரம் உள்ள பெட்டிகள் ஆனதால் தற்காலிகமான அமைப்பு என்று அதைக் கருதினார்கள்; நிரந்தரக் கட்டிடத்துக்குரிய விதிகள் அதைத் தீண்டவில்லை. நீர் தெளிக்கும் குழாய்கள் இல்லை, புகையைக் கண்டு கூவும் கருவியும் இல்லை. 1984 மே 11 மாலை, உள்ளே இருட்டில் ஒரு லைட்டரின் சுடர், சுவரில் வைத்திருந்த நுரைரப்பர் மெத்தையில் பற்றிக்கொண்டதாக விசாரணை செய்தவர்கள் சொன்னார்கள். 8 பேர் இறந்தார்கள். எல்லோரும் பதின்ம வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய உடல்களைத் தீயணைப்பு வீரர்கள் முதலில் பொம்மைகள் என்றே நினைத்ததாக அப்போதைய செய்திகள் கூறின. பூங்காவை நடத்தியவர்கள்மீது வழக்கு நடந்தது. 1985-இல் குற்றவாளிகள் அல்ல என்று தீர்ப்பாயிற்று.

சட்டத்தின் தீர்ப்பை நான் மறுபரிசீலனை செய்ய வரவில்லை. விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தக் கோட்டையை ஒரு கலைப்படைப்பாக எடுத்துக்கொண்டால் அதில் என்ன கோளாறு? பாண்டவர்களுக்கு வாரணாவதத்தில் கட்டிய அரக்கு மாளிகையும் பார்வைக்கு அழகானதுதான். விதுரன் ஆள் அனுப்பி ஒரு சுரங்கம் தோண்டிவைத்ததால் அவர்கள் பிழைத்தார்கள். இங்கே விதுரன் இல்லை. அலறல் கேட்பதற்காகவே கட்டிய இடத்தில், உண்மையான அலறலை யார் தனியாகக் கண்டுகொள்வார்கள்? புகை கதையின் ஒரு பகுதி, இருட்டு கதையின் ஒரு பகுதி, வழி தெரியாமல் தவிப்பதும் கதையின் ஒரு பகுதி என்று ஆக்கிவிட்டால், நிஜமான புகையும் இருட்டும் தவிப்பும் வரும்போது அவையும் வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும். இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1979 ஜூன் 9 அன்று, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து லூனா பார்க்கில் பேய் ரயில் எரிந்து 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 6 பேர் குழந்தைகள். பேய்க்குப் பயப்பட ஆசைப்பட்டுப் போன குழந்தைகள் நெருப்புக்குள் அகப்பட்டுக்கொண்டன.

நியூ ஜெர்ஸி தீக்குப் பிறகு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகளில் இத்தகைய கட்டிடங்களுக்கென்று தனிப் பகுதி சேர்ந்தது. நீர் தெளிப்பான்கள் கட்டாயமாயின. அதைவிட என் மனத்தில் தைத்தது இன்னொரு விதி. புகை கண்டுபிடிக்கப்பட்டால் விளக்குகள் பிரகாசமாக எரிய வேண்டும்; குழப்பத்தை உண்டாக்கும் ஓசைகளும் காட்சிகளும் நின்றுவிட வேண்டும். விதி எழுதியவர்கள் இலக்கியம் பேசவில்லை. ஆனால் அவர்கள் சொல்லியிருப்பது கதைக்கலையின் ஒரு மூலசூத்திரம்: எந்தக் கதையும் ஒரு கணத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் கவலை இல்லை. எவ்வளவு பயங்கரமான கதையை எழுதினாலும், வாசகனுடைய வாசல் அவன் கையிலேயே இருக்கிறது. புத்தகத்தை மூடினால் வெளியே வந்துவிட்டான். அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் அவனை எந்த இருட்டுக்குள்ளும் கூட்டிப் போகிறோம். பூங்காவுக்குப் போனவன் மூடுவதற்குப் புத்தகம் இல்லை. அவன் உடம்போடு கதைக்குள் நிற்கிறான். ஆகவே, மூடுகிற வேலையையும் ஆசிரியனே அவனுக்காகச் செய்துவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அண்மைக்கால முயற்சி ஒன்றையும் பார்க்கலாம். 2019-இல் டிஸ்னி பூங்காக்கள் இரண்டில் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களின் உலகத்தை ஒரு வேற்றுக் கிரகத்து ஊராகவே அமைத்தார்கள். பலகைகளில் அந்த உலகத்து எழுத்து. கழிப்பறைக்குக்கூட அந்த உலகத்துப் பெயர். குளிர்பானத்தை உருண்டையான விசித்திரப் புட்டிகளில் விற்றார்கள். அந்த ஊருக்குள் அது வெகு பொருத்தம். வாங்கியவர்கள் அதை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனபோதுதான் சங்கடம் வந்தது. கையெறி குண்டு போலிருக்கிறது என்று பாதுகாப்பு அதிகாரிகள் முதலில் தடை சொன்னார்கள். ஆட்சேபம் எழுந்த பிறகு தளர்த்தினார்கள். யாருக்கும் தீங்கு நேராத சிறு வேடிக்கைதான். ஆனாலும் அது ஓர் உண்மையைக் காட்டுகிறது. கதையிலிருந்து வெளியே போகிற பொருளுக்கும் மனிதனுக்கும் வெளியுலகத்தில் என்ன பெயர் என்பதை ஆசிரியன் மறந்துவிடக்கூடாது. அவசரமாகக் கழிப்பறை தேடுகிற கிழவருக்கு வேற்றுக் கிரகத்துப் பெயர் ஓர் இடைஞ்சல். சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ளலாம். நெருப்பில் அகப்பட்டவனுக்கு அப்படி ஓர் இடைஞ்சல் இருக்கவே கூடாது.

இவ்வளவும் சொன்னதால் நான் பொறியாளர் கட்சியில் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சிமெண்டுத் தளத்தில் இரும்பு யந்திரங்களை வரிசையாக நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி வேலி போட்டு, ‘எச்சரிக்கை’ப் பலகைகளை மட்டும் அலங்காரமாக மாட்டுகிற பூங்காக்களும் உண்டு. அங்கே யாருக்கும் ஆபத்து இல்லை. யாருக்கும் ஆனந்தமும் இல்லை. கதை வேண்டும் என்று வந்தவனுக்குக் கதை கொடுக்காமல் அனுப்புவதும் ஒரு மோசடிதான். கைப்பிடிக் கம்பி கப்பலின் கயிறாக வேஷம் போடட்டும். குப்பைத் தொட்டி அந்தந்த ஊர் வர்ணத்தைப் பூசிக்கொள்ளட்டும். தூண் மரமாகட்டும், லிப்ட் பேயறை ஆகட்டும். பிடித்தால் தாங்குமானால், போட்டால் கொள்ளுமானால், எந்த வேஷமும் நல்ல வேஷந்தான்.

வாசல் மட்டும் வாசலாகவே இருக்க வேண்டும். அதன்மேல் எரிகிற விளக்கைக் கண்டு முகம் சுளிக்கிற ரசிகருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அந்த விளக்கு அங்கே எரிகிறது என்ற நிச்சயம் மனத்தின் அடியில் இருப்பதனால்தான், பெற்றவள் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இருட்டுக்குள் நுழைகிறாள். அந்த நிச்சயத்தை அவளுக்குக் கொடுக்க முடியாதவன் பேய் மாளிகை கட்ட வரக்கூடாது.