தனியே உண்ணலும் கூடி உண்ணலும்: அண்மைக்காலக் கொரியப் படைப்புகள் சில பற்றிய ஒரு நோக்கு

ஹான் காங் 2024ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றதைத் தொடர்ந்து கொரிய இலக்கியம் பற்றிய பேச்சு நம்மிடையே பெருகியுள்ளது. அப்பேச்சினிடையே அடிக்கடி தலைகாட்டும் கருத்தொன்றுண்டு. கொரியர் கூடி உண்ணும் மரபினர். நடுவில் ஒரு சட்டியும் அதனுள்ளே பல கரண்டிகளுமாக உண்டு வாழ்ந்தவர்கள். நகர வாழ்க்கை அம்மரபைச் சிதைத்து ஒவ்வொருவரையும் தனி மேசைக்குத் தள்ளிவிட்டது. அந்நாட்டு நாவலும் திரைப்படமும் இவ்விழப்புக்காகவே இரங்குகின்றன என்பது அக்கருத்து. இது முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டால் நல்ல படைப்பையும் மலினமான படைப்பையும் வேறுபடுத்தும் அளவுகோலை நாம் இழந்துவிடுவோம். கூடியிருந்தோர் யார், எந்த உறவில் கூடியிருந்தனர் என்ற வினா எழுப்பப்படாதவிடத்து, கூடி உண்ணல் என்பது வெறும் கருத்துநிலையாகவே எஞ்சும்.

முதலிற் சொற்களை நோக்குவோம். கொரிய மொழியிற் குடும்பத்தவரைக் குறிக்க வழங்கும் 'ஷிக்கு' என்ற சொல், சீன எழுத்துகளின்படி 'உண்ணும் வாய்' எனப் பொருள்படும். 'பாப்' என்பது சோறு, அதுவே சாப்பாடுமாம். நம்மூரிலே 'சாப்பிட்டாச்சோ?' என்று கேட்பது போல அங்கும் சுகம் விசாரிப்பது சோற்றை முன்வைத்தே. இத்தகைய மொழியில், தனியாக என்ற பொருள்தரும் சொல்லின் முதலசையைச் சோற்றோடு ஒட்டி 'ஹொன்பாப்' என்றொரு புதுச்சொல் 2010களிலே பரவலாயிற்று. தனியே உண்பதற்கெனத் தனியொரு பெயர் வேண்டியிருந்தமையே அது இயல்புக்கு மாறானதாகக் கருதப்பட்டமைக்குச் சான்று. பெயருக்குப் பின்னால் நிற்கும் மாற்றமும் பெரிதே. 1980இல் கொரியக் குடித்தனங்களுள் ஒருவர் மட்டுமே வாழ்ந்தவை 4.8 வீதம், 2000இல் 15.5 வீதம்; 2023இல் 35.5 வீதம்.

ஆயின் இம்மாற்றத்தைப் பழைய கூட்டு வாழ்வின் அழிவு என்று மட்டும் கூறிவிட முடியாது. சொசொன் காலத்து உயர்குடி இல்லங்களில் மூத்த ஆண்மகன் தனி மேசையிலேயே உண்டான். 'சொபான்' எனப்படும் சிறு மேசை சமையலறையிலிருந்து அவன் முன்னாற் கொண்டுவந்து வைக்கப்படும். அவ்வாறு தனியாகப் பரிமாறப்பெறுவது மதிப்பின் அடையாளம். பெண்களும் ஏவலாளரும் பின்னர், பெரும்பாலும் அடுக்களையில், மிஞ்சியதை உண்டனர். எல்லோரும் ஒரு பெரிய மேசையைச் சூழ்ந்திருக்கும் காட்சி இருபதாம் நூற்றாண்டிலேதான் பரவலாகியது. தொன்மரபென இன்று போற்றப்படுவது பெருமளவுக்குப் புதுமரபே.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஓவியர் கிம் ஹொங்-தோவின் சமூக வாழ்க்கைச் சித்திரத் தொகுதியில் இரு ஓவியங்கள் உள. ஒன்றிற் சாலையோரச் சாராயக்கடையில் வழிப்போக்கன் ஒருவன் கிண்ணத்தைச் சரித்து அடியிற் கிடப்பதைத் தனியனாக வழித்துண்கிறான். மற்றையதில் வேலை நடுவே உழைப்பாளிகள் வெற்றுடம்போடு வட்டமாக அமர்ந்து உண்கின்றனர். அருகில் ஒரு தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். ஒருவன் தனியே உண்பது அவன் ஊர் ஊராய்த் திரிபவன் என்பதால்; மற்றவர் கூடி உண்பது கூடி உழைப்பதால். பண்பாட்டு மானிடவியலாளர் பலர் நீண்ட நூல்களிற் சொல்ல முயன்று தவறவிட்டதை இவ்வோவியர் இரண்டு தாள்களிற் சொல்லிவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்றைய உணவகத்திற் தனியாளுக்கு நேரும் இடர்ப்பாட்டையும் இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். மேசையிற் சுட்டு உண்ணும் பன்றியிறைச்சி, பெருஞ்சட்டியிற் கொதிக்கும் குழம்பு வகைகள் முதலியவற்றுக்குப் பல கடைகளில் ஆகக் குறைந்தது இருவருக்கான அளவு கோரப்பட வேண்டும். இது வெறும் மனத்தடை அன்று. 'பன்ச்சான்' எனப்படும் பக்கக்கறிகளுக்குக் கடைக்காரர் தனி விலை அறவிடுவதில்லை. கேட்டால் மீண்டும் வைப்பார். ஒருவர் வந்தாலும் நால்வர் வந்தாலும் அத்தனை சிறு தட்டுகளும் வைக்கப்படவேண்டும். நால்வர் மேசை மதிய நெரிசலில் ஒருவரால் அடைபட்டுக் கிடக்கும். சிறு முதலாளியின் இலாபக் கணக்கே வாடிக்கையாளரின் வெட்கமாக உருமாறுகிறது. சோறும் சூப்பும் ஒரே கிண்ணத்தில் வரும் 'குக்பாப்' கடையில் இவ்வெட்கம் அத்துணை இல்லை. அது சந்தைக்கு வந்து போவோரின் உணவு. தொடக்கமுதலே ஒருவருக்கு ஒரு கிண்ணம்.

கூட்டுமேசையின் வேறொரு வடிவத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கொம்பனி ஊழியர் வேலை முடிந்தபின் மேலதிகாரியோடு சென்று உண்டு குடிக்கும் 'ஹ்வேஷிக்', தென்கொரியாவின் கைத்தொழில் வளர்ச்சியோடு வேரூன்றிய வழக்கம். யார் எங்கே அமர்வது, யார் இறைச்சியைப் புரட்டுவது, யாருக்கு யார் எந்தக் கையாற் குடிவகை ஊற்றுவது என்பன யாவும் பதவி வரிசைப்படியே நடைபெறும். வேலைநேரம் முடிந்தும் வேலை முடிவதில்லை. சமபந்திக்காகப் போராடவேண்டியிருந்த சமூகத்திலிருந்து எழுதும் நமக்கு, பந்தி என்றதும் சமத்துவம் என்று மயங்க நியாயமில்லை.

ஹான் காங்கின் 2007ஆம் ஆண்டு நாவலின் வலிமை இம்மயக்கத்தைக் கலைப்பதிலேயே உள்ளது. சமயவேலின் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்ற பெயரோடு தமிழிலும் அது வந்துள்ளது. யொங்-ஹே இறைச்சியை மறுத்ததைக் கீழைத்தேய ஆன்மிகமாகவும் உளப்பிறழ்வாகவும் விளக்கும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவள் மறுத்தது எந்தெந்த மேசைகளில் என்று பார்த்தோர் குறைவு. முதலாவது, கணவனின் கொம்பனி மேலாளர்கள் மனைவியரோடு கூடும் விருந்து. அங்கே தட்டு தட்டாக வரும் உணவை அவள் ஏறெடுத்தும் பாராதிருக்க, கணவன் கணக்கிடுவது தன் பதவியுயர்வை. இரண்டாவது, தமக்கை இன்-ஹேயின் புதிய வீட்டிலே குடும்பம் கூடும் மேசை. வியட்நாம் போரில் ஈடுபட்டதைப் பெருமையாகப் பேசும் தந்தை மகளை அறைந்து, அவள் வாயைத் திறப்பித்து இறைச்சியைத் திணிக்கிறார். தென்கொரியப் படைகள் 1964 முதல் 1973 வரை அமெரிக்காவின் பக்கம் நின்று வியட்நாமிற் போரிட்டன. அவ்வன்முறை வீடு திரும்பி, பாசம் என்ற பெயரில், குடும்ப மேசையிற் குந்தியிருக்கிறது. 'உண்ணும் வாய்' என்ற சொல்லின் மறுபக்கம் இதுவே: குடும்பத்தில் உறுப்பாயிருக்க வாயைத் திறந்தாக வேண்டும்.

எனினும் இந்நாவலை நாம் குறையின்றி ஏற்பதற்கில்லை. மேசையை இவ்வளவு கூர்மையாகக் கண்ட ஆசிரியர், மறுப்புக்கு மரமாதல் தவிர வேறு வழியைக் காட்டவில்லை. முதலிரு பகுதிகளிலே சமூக உறவாக நின்ற முரண்பாடு மூன்றாம் பகுதியில் உடலுக்குள்ளே சுருங்கிவிடுகிறது. அப்பகுதியில் நோய்ப்பட்ட தங்கைக்கு உணவு சுமந்து செல்பவளும், கடை நடத்தி வீட்டைத் தாங்குபவளும் இன்-ஹேயே. நாவலின் உண்மையான உழைப்பாளி அவள்தான் என்பதை ஆசிரியர் அறிந்திருக்கிறார்; அறிந்தும் அவளை நாவலின் மையமாக்கத் தயங்குகிறார்.

2013இற் தொடங்கிய 'உண்போம் வாருங்கள்' என்ற தொலைக்காட்சித் தொடர் இதற்கு நேர்மாறானது. தனித்து வாழும் விவாகரத்துப் பெற்ற பெண், அயல்வீட்டு இளைஞன், புதிதாகக் குடிவந்த மாணவி ஆகிய மூவரும், தனியாளுக்குத் தர மறுக்கப்படும் உணவை உண்பதற்காக ஒன்றுசேர்கின்றனர். தொடக்கம் கூர்மையானது, இருவருக்கான அளவு என்ற நிபந்தனையின் அபத்தத்தை அது நகைச்சுவையாய் வெளிக்கொணர்கிறது. ஆனால் சிக்கலைக் கண்டதும் தொடர் அதனைச் சுவையில் மூழ்கடித்துவிடுகிறது. கமெரா கதைமாந்தரை விட்டு இறைச்சியின் மீது தங்குகிறது. ஒன்றுசேர்தல் என்பது நுகர்வோர் மூவரின் கூட்டுக்கொள்வனவாகச் சுருங்குகிறது. மற்ற இருவருக்கும் எதை எப்படி உண்பதென்று போதிக்கும் இளைஞன் தொழிலாற் காப்புறுதி முகவர் என்பது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆயினும் தனித்து வாழ்வோரின் அச்சம் எவருக்குச் சந்தையாகிறது என்பதை ஆசிரியர்கள் தம்மையறியாமலே காட்டிவிட்டனர்.

நாம் அதிகம் மதிப்பது ஹொங் சொங்-உன் இயக்கிய முதல் முழுநீளப் படமாகிய 'தனியே வாழ்வோர்' என்ற 2021ஆம் ஆண்டுத் திரைப்படத்தையே. நாயகி ஜினா கடனட்டைக் கொம்பனியொன்றின் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்பவள்; அங்கு மிகத் திறமையானவளும் அவளே. காதில் ஒலிவாங்கியோடு, திட்டுபவருக்கும் புலம்புபவருக்கும் ஒரே குரலில் விடை சொல்கிறாள். இடைவேளையில் வழக்கமான நூடில்ஸ் கடைக்குச் சென்று, கைபேசித் திரையை எதிரே நிறுத்தித் தனியே உண்கிறாள். சூ-ஜின் என்ற புதுப் பெண்ணைப் பயிற்றும் பொறுப்பு அவள்மீது சுமத்தப்படுகிறது. சூ-ஜின் கடைக்கும் தொடர்ந்து வருகிறாள், பேச விழைகிறாள். ஜினாவுக்கு அது தாங்கமுடியாத தொந்தரவு.

இப்படத்தின் சிறப்பு யாதெனில், தனியே உண்ணலை அது ஒரு குணவியல்பாக அன்றி வேலையின் தொடர்ச்சியாகக் காண்கிறது. நாள் முழுவதும் குரலையும் பரிவையும் விற்பவளுக்கு மதிய வேளையின் மௌனம் மட்டுமே சொந்தம். மார்க்ஸ் 1844இன் கையெழுத்துப்படிகளிலே கூறிய அந்நியமாதல் இங்கு தொழிலாளியின் புன்னகையையும் எட்டியுள்ளது. கால இயந்திரமொன்றைச் செய்திருப்பதாகக் கூறும் வாடிக்கையாளர் ஒருவர், 2002ஆம் ஆண்டுக்குச் சென்றால் தமது அட்டை செல்லுமா என்று கேட்கிறார். அது உலகக் கிண்ண உதைபந்தாட்டம் கொரியாவில் நடைபெற்ற ஆண்டு. இலட்சக்கணக்கானோர் தெருக்களிற் கூடியிருந்தனர். கொரியப் பார்வையாளருக்கு விளக்கம் தேவையில்லை. கூட்டத்தின் நினைவே ஏக்கமாகிவிட்டது. அதனையும் கடனட்டையோடுதான் தேடவேண்டியுள்ளது. ஜினாவின் அயல்வீட்டு இளைஞன் இறந்து நாட்கணக்கில் எவராலும் கண்டறியப்படாமற் கிடப்பதும், பின்னர் வேலையை விட்டு நீங்கிய சூ-ஜினிடம் ஜினா தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பதும் மிகையுணர்ச்சியின்றிச் சொல்லப்படுகின்றன. மன்னிப்புக்கூட அவளது வேலைக்கருவியாகிய தொலைபேசி வழியாகவே வருகிறது.

குறையும் உண்டு. வேலைத்தலம் இத்துணை நுணுக்கமாய்ச் சித்திரிக்கப்பட்ட படத்தில், அங்கு வரிசையாய் அமர்ந்திருக்கும் ஏனைய பெண்கள் வெறும் பின்னணியாயினர். மீட்சி இருவரின் மனமாற்றத்தளவில் நின்றுவிடுகிறது. 2004 முதல் நடைமுறையிலுள்ள தொழில் அனுமதி முறையின்கீழ் நம் நாட்டு இளைஞர் உட்படப் பல்லாயிரவர் கொரியத் தொழிற்சாலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்து, விடுதிகளிற் சமைத்து உண்கின்றனர். அவர்களது மேசை மேலே நோக்கிய மூன்று படைப்புகளில் எதிலும் இல்லை.

இவ்விடத்தில் ஜொன் தே-இல் நினைவுக்கு வருகிறார். சியோலின் ஆடைத் தொழிற்கூடங்களிற் பணிபுரிந்த அவர், பட்டினியோடு வேலை செய்த இளஞ்சிறுமியருக்குத் தமது பஸ் காசிற் சிறு மாப் பலகாரங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு நெடுந்தூரம் வீட்டுக்கு நடந்தவர். தொழிற்சட்டத்தைக் கடைப்பிடிக்குமாறு கோரி 1970 நவம்பர் 13இல் தீக்குளித்தார். அவரது வாழ்க்கை வரலாறு 1983இல் முதன்முதல் வெளிவந்தபோது எழுதிய சோ யொங்-ரேயின் பெயரை அட்டையில் இட முடியாதிருந்தது. அவர் பகிர்ந்தளித்த உணவு குடும்ப மேசையினதுமன்று, மேலதிகாரி மேசையினதுமன்று. எண்பதுகளின் மக்கள் இலக்கியம் பற்றிக்கொண்ட இவ்விழையை இன்றைய படைப்பாளிகள் நழுவவிட்டுள்ளனர் என்பதே நமது முறைப்பாடு. அவ்விழைக்கு இன்று பொருளில்லை என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டலாம்.

2016 மே 28இல், சியோலின் குயி சுரங்க ரெயில் நிலையத்திற் பாதுகாப்புக் கதவைத் திருத்திக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுத் தொழிலாளி ஒருவர் ரெயில் மோதி இறந்தார். அவர் ஒப்பந்தக் கொம்பனியொன்றின் ஊழியர். அவ்வேலையை இருவர் சேர்ந்தே செய்யவேண்டும் என்பது விதி. அன்று அவர் தனியே செய்துகொண்டிருந்தார். சோற்றுக்கடை இருவரைக் கேட்கும் நகரத்தில் ஒப்பந்த வேலை ஒருவரை அனுப்பியது. அவரது பையிலே கருவிகளோடு ஒரு கரண்டியும் பிரிக்கப்படாத கிண்ண நூடில்ஸும் இருந்தன. அடுத்த நாட்களில் முன்பின் அறியாதோர் பலர் அந்நிலையத்துக்கு வந்து, கதவின்மீது சிறு குறிப்புத் தாள்களை ஒட்டி, அதன் கீழே பூக்களோடு நூடில்ஸ் கிண்ணங்களையும் வைத்துச் சென்றனர்.