செல்பேசி வலையமைப்பில் ஐபிவி4, ஐபிவி6 வேக ஒப்பீடு: ஒரு மதிப்பாய்வு

ஐபிவி6 என்பது ஐபிவி4 நெறிமுறைக்கு மாற்றாக 1990களில் வடிவமைக்கப்பட்ட இணைய நெறிமுறை ஆகும். செல்பேசிகளில் இது பழையதைவிட வேகமானது என்ற கூற்று பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஆதாரமாக வழக்கமாகக் காட்டப்படுபவை இரண்டு. ஐபிவி6 வழியே தன் தளத்தை அணுகுவது 10 முதல் 15 விழுக்காடு வேகமாக இருக்கக்கூடும் என்று முகநூல் நிறுவனம் 2015இல் தெரிவித்தது. இணைப்பு ஏற்படுவது 1.4 மடங்கு விரைவு என்று ஆப்பிள் 2020இல் கூறியது. எண்கள் சரியாகவே இருக்கலாம். அவை எதை அளக்கின்றன என்பதே கேள்வி.

நெறிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டால் புதியதுதான் கனமானது. ஐபிவி4 பொதியின் தலைப்பகுதி குறைந்தது 20 பைட்டுகள், ஐபிவி6இல் 40. அதாவது 1500 பைட்டுப் பொதியில் சுமார் 1.3 விழுக்காடு கூடுதல் சுமை. பிறகு எப்படி அது முந்துகிறது?

விடை முகவரித் தட்டுப்பாட்டில் இருக்கிறது. 32 பிட்டு முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். உலகளாவிய மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. எனவே செல்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ஐபிவி4 பொதி ஒவ்வொன்றும் முகவரி மாற்றும் கருவி இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் வெளியேற வேண்டும். அக்கருவி தொலைவில் இருந்தால் சுற்றுவழிதான். அமெரிக்காவின் டி-மொபைல் போல, ஐபிவி6 மட்டுமே ஓடும் வலையமைப்புகளில் நிலை இன்னும் வேடிக்கையானது. அங்கே பழைய செயலி அனுப்பும் ஐபிவி4 பொதியைச் செல்பேசியே ஐபிவி6 ஆக மாற்றுகிறது. வலையமைப்பின் எல்லையில் அது மறுபடி ஐபிவி4 ஆகிறது. இந்த 464எக்ஸ்லாட் முறை 2013இல் ஆவணப்படுத்தப்பட்டது. ஆக, அங்கே ஐபிவி4 என்று அளக்கப்படுவது இருமுறை மொழிபெயர்க்கப்பட்ட பொதி. நேர்வழியில் போகிறவனையும் இரண்டு சுங்கச்சாவடியில் நின்று வருகிறவனையும் ஓடவிட்டு, முந்தியவன் காலணியைப் புகழ்வது போன்றது இது. ஆப்பிளும் முகவரி மாற்றம் குறைவதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. கட்டுரைகளில் எண் மட்டும் நிற்கிறது, காரணம் உதிர்ந்துவிடுகிறது.

இரண்டாவது குறை அளவீட்டு முறையில். இன்றைய உலாவிகள் முதலில் ஐபிவி6ஐ முயன்று, சிறிது நேரத்தில் பதில் வராவிட்டால் ஐபிவி4ஐயும் தொடங்குகின்றன. 2017ஆம் ஆண்டு வரையறை பரிந்துரைக்கும் இடைவெளி 250 மில்லிநொடி. தடுமாறும் ஐபிவி6 இணைப்புகள் இவ்வாறு கணக்கிலிருந்தே விலகிக்கொள்ள, அந்தத் தாமதம் ஐபிவி4இன் தலையில் விழக்கூடும். தேர்வன்று பலவீனமான மாணவர்களை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டுச் சராசரியைக் காட்டும் பள்ளிகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

புதிய கைபேசிகளிலும் புதிய 4ஜி வலையமைப்புகளிலும் ஐபிவி6 மிகுதி என்பதையும் கழித்தாக வேண்டும். 2016இல் சேவை தொடங்கிய ஜியோ ஐபிவி6ஐப் பெருமளவில் பயன்படுத்துகிறது. அதன் பயனரைப் பழைய 3ஜி பயனரோடு ஒப்பிட்டால் வெளிப்படுவது வானொலி இணைப்பின் வேறுபாடே. ஒரே கைபேசி, ஒரே கோபுரம், இரு முகவரியும் கொண்ட ஒரே வழங்கி, மாறி மாறி அளவீடு என்று அமைந்த சோதனைகளே இக்கூற்றுக்குச் சான்றாகும்.

முகவரி மாற்றி தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமலிருக்க, செயலிகள் அவ்வப்போது வெற்றுப் பொதிகளை அனுப்பி மின்கலத்தைச் செலவிடுகின்றன. ஐபிவி6 இதை ஒழித்துவிடும் என்பதும் அரைகுறை உண்மைதான். இணைப்பு நிலையை நினைவில் வைக்கும் தீச்சுவர் நடுவில் இருந்தால் அந்தப் பொதிகள் அங்கும் தேவைப்படும்.